ஞாயிறு நாலரை ஆறு

வாஞ்சிநாதனுக்கு ராகு காலத்தில் நம்பிக்கை கிடையாது. கேட்டால் அப்படித்தான் சொல்வார். சன்னிவேலில் இருபத்தெட்டு வருஷமாகச் சிப் டிசைன் செய்கிற மனுஷர் வேறென்ன சொல்வார்? ஆனால் வீடு வாங்கியது, கார் எடுத்தது, மகள் மானஸாவைக் கல்லூரியில் கொண்டுபோய் விட்டது எல்லாமே ராகு காலம் தவிர்த்துத்தான். "பாத்துட்டாப் போச்சு, காசா பணமா?" என்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழேகாலுக்கு மானஸா நார்வேயிலிருந்து மெசேஜ் அனுப்பினாள். அங்கே மாலை நாலேகால். கான்ஃபரன்ஸ் முடிந்து வாடகைக் காரில் தனியாக ஊர் சுற்றிக்கொண்டிருந்தாள். மலைகளுக்கு நடுவே கடல் புகுந்து கிடக்கும் ஃபியோர்டு ஒன்றின் கரையில் நிற்கிறாளாம். அக்கரைக்குப் போகக் கடலுக்கு அடியில் பாறையைக் குடைந்து பதினாலு கிலோமீட்டர் சாலை போட்டிருக்கிறார்களாம். 'லீவிங் இன் ஃபிஃப்டீன் மினிட்ஸ்!'

வாஞ்சிநாதன் ஒரு நொடி யோசிக்கவில்லை. ஞாயிறு, நாலரை முதல் ஆறு. பல் துலக்குவது மாதிரி வந்துவிட்டது. 'ஆறு மணிக்கு அப்புறம் கிளம்பு. ராகு காலம்' என்று தட்டினார்.

'அப்பா, இட்ஸ் எ ரெண்டல் கார், நாட் எ வெட்டிங்.'

'எனக்காக.'

மூன்று புள்ளிகள் வந்தன, போயின, மறுபடி வந்தன. பிறகு ஒரு காப்பிக் கோப்பையின் படம். 'ஃபைன். வெயிட்டிங்.' பிறந்ததிலிருந்து அப்பா சொல்லி ஒன்றும் கேட்டதில்லை அந்தப் பெண். அன்றைக்குப் பார்த்துக் கேட்டாள்.

ஒன்பது மணி இரண்டு நிமிஷத்துக்கு, போன் மேப்பில் அவள் இருக்குமிடத்தைக் காட்டும் நீலப் புள்ளி சுரங்கத்தின் வாயில் நுழைந்து அப்படியே நின்றது. உள்ளே போனால் சிக்னல் இருக்காதுதான். கால் மணி நேரத்தில் அக்கரையில் முளைக்க வேண்டும். முளைக்கவில்லை. ஒன்பதரையும் ஆயிற்று.

"ஏன்னா, ரீச் ஆயிட்டாளா?" என்று சமையலறையிலிருந்து ஷ்யாமளா கேட்டாள்.

"இன்னும் இல்லை. டனல் கொஞ்சம் நீளம்."

சொல்லும்போதே நார்வே செய்தி ஒன்றை மொழிபெயர்ப்பில் போட்டுப் படித்துக்கொண்டிருந்தார். சுரங்கத்துக்குள் லாரி தீப்பற்றியது. அந்த ஊர் நேரம் மாலை ஆறு மணி பத்து நிமிஷம். இரு வாயில்களும் மூடப்பட்டன. உள்ளே எத்தனை வண்டி என்று தெரியவில்லை.

வாடகைக் கார் கம்பெனிக்குப் போன் செய்தார். ஆங்கிலத்துக்கு ஒன்றை அழுத்தச் சொன்னது. அழுத்தினார். பதினெட்டு நிமிஷம் பியானோ வாசித்த பிறகு ஒரு பெண் வந்து ரிசர்வேஷன் நம்பர் கேட்டாள். "மை டாட்டர் இஸ் இன்சைட் எ ஃபயர்" என்றார். "ஐ அண்டர்ஸ்டாண்ட் சார். டிட் ஷி ஆப்ட் ஃபார் ரோட்சைட் அசிஸ்டன்ஸ்?" என்றாள் அவள். வாஞ்சிநாதன் போனை வைத்துவிட்டு முதல்முறையாக அழுதார். இங்கிருந்து ஓடினால் போய்ச் சேருகிற தூரமா? விமானம் ஏறினாலும் நாளைக்குத்தான். ஒரு வாளித் தண்ணீர்கூட எடுத்துக் கொடுக்க முடியாத அப்பன்.

ஷ்யாமளா ஓடி வந்தாள். விஷயம் தெரிந்ததும் கத்தவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து தாலியைக் கையில் பிடித்துக்கொண்டாள்.

சுரங்க வாசலில் சாலைத்துறையின் கேமரா ஒன்று இருந்தது. நிமிஷத்துக்கு ஒரு படம். இருவரும் லேப்டாப்பில் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். புகை. மறுபடி புகை. தீயணைப்பு வண்டி. புகை. பதினொன்றும் அடித்தது.

"அங்க இப்போ என்ன மணி?"

"எட்டு. ராத்திரி எட்டு."

"எட்டா? வெயில் இப்படி அடிக்கறதே?"

வாஞ்சிநாதன் படத்தைப் பார்த்தார். தீயணைப்பு வண்டியின் நிழல் சாலையில் பளிச்சென்று விழுந்திருந்தது. ஜூன் மாதம். அந்த ஊரில் சூரியன் மறைய ராத்திரி பதினொன்று ஆகும். ராகு காலம் கடிகாரத்தில் இல்லை, சூரியனில் இருக்கிறது என்பது பஞ்சாங்கம் புரட்டிய யாருக்கும் தெரியும். பகலை எட்டாகப் பிரித்தால் ஞாயிற்றுக்கிழமைக்குக் கடைசிப் பங்கு. மனசு தானாகக் கணக்குப் போட்டது. எட்டரைக்கு மேல்தான். நாலரைக்கு அங்கே ராகு காலமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நாலரைக்கே விட்டிருந்தால் ஐந்து மணிக்கு அக்கரையில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள். வாயைத் திறந்தார், மனைவியின் முகத்தைப் பார்த்தார், மூடிக்கொண்டார்.

பதினொன்றேகாலுக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"அப்பா..."

குரல் கரகரவென்று, யாரோ கிழவியின் குரல் போல இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் ஒருத்தியின் போனில் பேசினாள். காரையும் போனையும் உள்ளேயே விட்டுவிட்டாள். ஒரு பஸ் டிரைவர் எல்லோரையும் சுவரைத் தடவியபடி இருட்டில் நடத்திக் கூட்டிவந்தாராம். மூச்சுக்குழாயில் புகை. நாலு நாள் இருக்க வேண்டுமாம். அவளுக்கு முன்னால் போன காரில் இருந்தவர்கள் வரவில்லையாம்.

ஷ்யாமளா ஓவென்று அழுதபடி போனைப் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டாள். "கண்ணு, அப்பா சொன்னாரேன்னு வெயிட் பண்ணினியே, அதாண்டி உன்னைக் காப்பாத்தித்து! ராகு காலத்துல கிளம்பியிருந்தா என்ன ஆயிருக்கும்!"

"ஐ நோம்மா. அதைத்தான் நானும் திங்க் பண்ணிண்டே வந்தேன்." ஒரு நீண்ட இருமல். "அப்பா, சாரி. ஐ ஆல்வேஸ் மேட் ஃபன் ஆஃப் யூ."

வாஞ்சிநாதன் போனருகே குனிந்தார். சொல்லிவிட வேண்டும். ஆனால் அந்தக் குரலிடம் எதைச் சொல்வது?

"அப்பா? வெள்ளிக்கிழமை டிஸ்சார்ஜ் பண்ணிடுவா. அன்னிக்கு ராகு காலம் எப்போ?"

அவர் லேப்டாப்பைப் பார்த்தார். திரையில் வெயில் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

"பத்தரை டு பன்னண்டு" என்றாள் ஷ்யாமளா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"ஓகே" என்றாள் மகள். "நான் வெயிட் பண்றேன்பா."