டாக்டரம்மா இரண்டு தடவை கேட்டார்

பால்காரம்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை அவளே ஒத்துக்கொள்வாள். ஒத்துக்கொண்டு மேலும் பேசுவாள். நாலு மாடு, ஒரு கொட்டகை, கேட்டில் ஒரு பலகை. 'எங்கள் மாடுகள் மரபணு மாற்றிய எதையும் தின்பதில்லை' என்று பச்சைப் பெயின்டில் எழுதியிருந்தது. எழுதியதோடு விட்டாளா? பால் வாங்க வருகிறவர்களை நிற்கவைத்து, அந்த விதையில் விளைந்ததைத் தின்றால் மாட்டின் குடல் என்ன ஆகும், அந்தப் பாலைக் குடித்தால் பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்று பாடம் நடத்துவாள். பாதி எங்கோ படித்தது, பாதி சொந்தச் சரக்கு. பயம் மட்டும் நிஜம். மூன்று வருஷத்துக்கு முன்னால் அடுத்தடுத்து இரண்டு கன்றுகள் செத்துப் பிறந்தன. ஏன் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அப்போது பிடித்தது அந்தப் பயம்.

வேலிக்கு அந்தப் பக்கம் அவளுடைய கூடப்பிறந்த தம்பியின் நிலம். அவன் போட்டது அதே மரபணு மாற்றிய விதை மக்காச்சோளம்தான்.

"பூச்சி விழறதில்லக்கா. மருந்து அடிக்கிற வேலை பாதி குறையுது" என்று ஒருநாள் வேலிக்கு மேலாகச் சொன்னான். அன்றோடு அவனிடம் பேச்சை நிறுத்தினாள். அவன் வீட்டு விசேஷத்துக்கும் போகவில்லை. 'விதைக் கம்பெனி மாப்பிள்ளை' என்று அவனுக்குப் பேர் வைத்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாள். அவன் காதுக்கு அது போகாமல் இருக்குமா? போனது.

இப்படிப்பட்டவளுக்குத்தான் தீவனக் கடைக்காரர் கையை விரித்தார்.

"உங்க ரகத் தீவனம், அந்த மரபணு மாத்தாதது, வரலம்மா. இன்னும் ரெண்டு வாரம் ஆகும்போல. சாதா மக்காச்சோள மாவு இருக்கு, வேணும்னா எடுத்துக்குங்க. எந்த விதைன்னு மட்டும் என்னைக் கேட்காதீங்க. எல்லாம் கலந்துதான் வருது."

மாடு பட்டினி கிடக்குமா? வாங்கினாள். அது குற்றமில்லை. வாங்கியதை வெளியே சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு, முழங்காலில் உட்கார்ந்து, மஞ்சள் மாவு முழுவதையும் பழைய சாக்குகளுக்கு மாற்றினாள். மாற்றும்போதே முகம் சுட்டது. ரெண்டு வாரம்தானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

புதுத் தீவனத்தைப் பழையதோடு கைப்பிடி கைப்பிடியாகக் கலந்து, பத்து நாள் எடுத்துப் பழக்க வேண்டும் என்பது மாடு வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். அவளுக்குத் தெரியாதா? பழையது அரைச் சாக்கு மிச்சமும் இருந்தது. ஆனால் பழையது தவிட்டு நிறம், புதியது பளிச்சென்ற மஞ்சள். காலையிலும் மாலையிலும் பால் வாங்க வருகிறவர்கள் நேராகக் கொட்டகைக்குள் வருவார்கள். "வந்து பாருங்க, தொட்டியில கையை விட்டே பாருங்க, எனக்கென்ன பயம்?" என்று பழக்கிவிட்டவளே அவள்தான். அதனால் ஒரு யோசனை செய்தாள், கெட்டிக்காரி. ஒரு நாளைக்கான தீவனம் முழுவதையும் ஆள் நடமாட்டமில்லாத மத்தியானத்தில் ஒரேயடியாகக் கொட்டினாள். மாலைக்குள் மாடுகள் தொட்டியை நக்கித் துடைத்துவிடும் அல்லவா?

துடைத்தன. மூத்தவள் என்று அவள் செல்லமாகக் கூப்பிடும் செவலைப் பசு கன்று போட்டு அஞ்சு நாள்தான் ஆகியிருந்தது. அகோரப் பசி. தன் பங்கைத் தின்று, பக்கத்து மாட்டை முட்டித் தள்ளி அதன் பங்கையும் தின்றது.

மறுநாள் காலையில் மூத்தவள் எழுந்திருக்கவில்லை. காது சில்லிட்டிருந்தது. தரையெல்லாம் கூழ் மாதிரி சாணி, புளித்த வாடை, அதில் மஞ்சள் மஞ்சளாகச் சோளக் குருணை. பால்காரம்மா முதலில் மாட்டு டாக்டருக்குப் போன் செய்தாள். அடுத்து குழாயைப் பிடித்துத் தரையைக் கழுவினாள். சுத்தமாக, ஒரு குருணை இல்லாமல் கழுவினாள்.

டாக்டரம்மா வந்தபோது, பாத்திரத்தோடு ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். முன்னால் நின்றது ஓய்வுபெற்ற வாத்தியார். அவர் மனைவி பெரிய வியாதியில் படுத்திருந்தாள். இந்தப் பாலைத் தவிர வேறெதையும் கொடுக்கமாட்டேன் என்று இரண்டு வருஷமாகத் தினமும் நடந்து வருகிறவர்.

டாக்டரம்மா மாட்டின் காதைத் தொட்டுப் பார்த்தார். வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார்.

"சாணி போட்டுச்சா?"

"இல்லம்மா."

"தீவனம் ஏதாவது மாத்துனீங்களா?"

வாத்தியார் முந்திக்கொண்டு சிரித்தார். "இவங்களா? நல்லா கேட்டீங்க டாக்டர்! கேட்டுல பலகையைப் பார்க்கலையா?"

எல்லோரும் சிரித்தார்கள். பால்காரம்மாவும் சிரித்தாள். "நான் மாத்துவேனா?" என்றாள்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. அவளைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் தனியாக அழைத்துப்போய், குரலைத் தாழ்த்தி மறுபடியும் கேட்டார். "புதுசா எதுவும் குடுக்கலையே? யோசிச்சுச் சொல்லுங்கம்மா. கன்னு போட்ட மாடு இப்படிப் படுத்தா சுண்ணாம்புச் சத்துக் குறைவுன்னுதான் முதல்ல நினைக்கத் தோணும். வேற ஏதாவதுன்னா வைத்தியமே வேற."

சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. பக்கத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. நாக்கு நுனி வரை வந்தது. திரும்பிப் பார்த்தாள், வாத்தியார் பாத்திரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"ஒண்ணும் குடுக்கலம்மா" என்றாள்.

கழுத்து நரம்பில் சுண்ணாம்புச் சத்து பாட்டில் ஏறியது. மூத்தவள் எழுந்திருக்கவில்லை. வயிறு ஊதி, பல்லை நறநறவென்று கடித்து, சாயங்காலம் செத்துப்போனது. அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு பால்காரம்மா அழுதாள். பொய் அழுகை இல்லை, வயிறு எரிய அழுதாள்.

மறுபடியும் வந்திருந்த டாக்டரம்மா கையைக் கழுவிக்கொண்டே, "கடைசியில பார்த்தா, தானியம் அளவுக்கு மீறிப் போன மாதிரி இருக்கு. எங்கயாவது புகுந்து மேஞ்சிருக்குமா?" என்றார்.

மாலைப் பாலுக்கு வந்திருந்த வாத்தியார் வேலிப் பக்கம் கையை நீட்டினார். அங்கே ஒரு இடத்தில் கம்பி தொய்ந்து கிடந்தது. "அங்க பாருங்க, வேலியே விழுந்து கிடக்கு! அந்த விஷச் சோளம்தான். பாவம், இந்தம்மா எவ்வளவு நாளா தலையால அடிச்சுக்கிட்டாங்க!"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அத்தனை நீளமான வாய்! இருட்டுவதற்குள் தெரு முழுக்க அதே பேச்சாகிவிட்டது.

மறுநாள் காலை அதே கூட்டம். டாக்டரம்மா மற்ற மாடுகளைப் பார்க்க வந்திருந்தார். தாயில்லாக் கன்று தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்தது. கேட் திறந்தது. தம்பி வந்தான், கையில் கயிறு, கயிற்றில் அவனுடைய கறவைப் பசு. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் கேட்டைத் தாண்டுகிறான். கூட்டம் ஒதுங்கி நின்றது.

அவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டே பேசினான். "அக்கா, வேலி என் பொறுப்பு. கம்பி தொய்ஞ்சதைப் பார்த்தேன், நாளைக்கு இழுத்துக் கட்டலாம்னு விட்டுட்டேன். என்னாலதான் போச்சு. இப்போ விடிஞ்சதும் வேலியோரம் நாலு வரிசைச் சோளத்தை வெட்டிட்டேன். மீதியையும் வெட்டச் சொன்னா வெட்டிடுறேன்."

அவள் வேலியைப் பார்த்தாள். கதிர் பால் பிடித்து நின்ற பயிர். நாலு வரிசையும் நெடுகச் சாய்ந்து கிடந்தது.

"கன்னுக்குப் பால் வேணுமே, அதான் இவளை ஓட்டிட்டு வந்தேன்" என்றான் தம்பி. பிறகு தயங்கினான். "இது என் சோளத்தைத் தின்ன மாடுதான். உனக்கு ஆகாதுன்னா சொல்லுக்கா, வேற எங்கயாவது கேட்டுப் பார்க்கிறேன்."

பால்காரம்மாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. இவனையா? மாப்பிள்ளை மாப்பிள்ளை என்று ஊர் சிரிக்க வைத்தோமே, இவனையா?

"உன் சோளம் இல்லடா" என்றாள். எல்லோருக்கும் கேட்கும்படி மறுபடியும் சொன்னாள். "உன் சோளம் இல்ல. மூத்தவ வேலியைத் தாண்டவே இல்ல. நான்தான் கடையில மக்காச்சோள மாவு வாங்கி, பழைய சாக்குல மாத்தி வெச்சு, ஒரே நேரத்துல கொட்டுனேன். யாரும் பார்த்துடக் கூடாதுன்னு. சாணியைக்கூட நான்தான் கழுவி விட்டேன்."

டாக்டரம்மா ஊசியைப் பெட்டிக்குள் வைத்தார். "உங்களை ரெண்டு தடவை கேட்டேனேம்மா. அது எந்த விதைச் சோளமா இருந்தா எனக்கென்ன? இத்தனை சோளம் தின்னுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வயித்தைக் கழுவி விட்டிருப்பேன். எழுந்திருச்சிருக்கும்."

வாத்தியார் கையிலிருந்த பாத்திரத்தின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். அது காலியாகத்தான் இருந்தது. மூடிக்கொண்டு வெளியே நடந்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். யாராவது திட்டினால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. யாரும் திட்டவில்லை.

தம்பி மட்டும் நின்றான். வெட்டிப்போட்ட பயிரை ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். பிறகு பசுவைக் கன்றின் பக்கம் ஓட்டிப்போய், கன்றின் வாயைக் காம்பில் வைத்துக் கொடுத்தான். கன்று முட்டி முட்டிக் குடித்தது.

பால்காரம்மா கயிற்றை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள்.

"வேணாம்" என்றான் தம்பி, அவள் முகத்தைப் பார்க்காமல். "கன்னு குடிக்கிற வரைக்கும் மாடு இங்க நிக்கட்டும். வேளாவேளைக்கு நான் வந்து தீனி போடுறேன். நீ இதுக்கு எதுவும் குடுக்காத."