நாலு துளை, நாலு பூட்டு

பூட்டு வாங்கப் போன வெர்னா ஹாகன் துப்பாக்கிப் பெட்டியையும் கூடவே தூக்கிக்கொண்டு போனாள். செருப்பு வாங்கப் போகிறவர்கள் காலை வீட்டில் விட்டுவிட்டா போகிறார்கள் என்பது அவள் வாதம். பெமிட்ஜி ஊரில் இருபத்தாறு வருஷமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். நாற்பது பிள்ளைகளை அடக்கியவளுக்கு ஒரு கடைக்காரர் எம்மாத்திரம்? ஹார்டுவேர் கடையின் நடுத்தரையில் பெட்டியைக் கிடத்தி, பூட்டுகளை ஒவ்வொன்றாகப் பெட்டி விளிம்பிலிருந்த பூட்டுத் துளையில் மாட்டிப் பார்த்தாள்.

சிலவற்றின் வளையம் தடிமனாக இருந்தது, துளைக்குள் நுழையவே இல்லை. மெல்லிய வளையங்கள் சுலபமாக நுழைந்தன, ஆனால் சின்னக் கட்டர் பட்டாலே துண்டாகிவிடும். நீள வளையம் போட்டவை தளர்ந்து தொங்கின. மூடி ஒரு விரல் உயரம் எழும்பியது.

"கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்குறியா, பூட்டு வாங்குறியா?" என்றான் லீலண்ட். அவளைவிட ஒரு வயது மூத்த அண்ணன். பத்தே நிமிஷத்தில் தன் பெட்டிக்கு இரண்டு பயணப் பூட்டுகளை எடுத்துவிட்டு, மிச்ச நேரமெல்லாம் தங்கையைக் கிண்டல் செய்துகொண்டிருந்தான்.

"உன் பெட்டியில நாலு துளை இருக்கு லீலண்ட். ரெண்டுதான் எடுத்திருக்க."

"ரெண்டு போதும். அதோட இது ஏர்போர்ட் அதிகாரிங்ககிட்டயே சாவி இருக்கிற பூட்டு. அவங்க திறந்து பாத்துட்டு மூடிடுவாங்க. நமக்கு ஏன் தலைவலி?"

"துப்பாக்கிப் பெட்டின்னா சாவி என்கிட்ட மட்டும்தான் இருக்கணும். சட்டமே அதுதான், படிச்சுப் பாரு."

"நீ படி. நான் சுடுறேன்."

கடைசியில் அவள் எடுத்தது குட்டை வளையம் வைத்த பித்தளைப் பூட்டுகள். நாலு பூட்டுக்கும் ஒரே சாவி.

இத்தனை கறார் எதற்கு என்றால், அதற்குப் பின்னால் பன்னிரண்டு வருஷத்து ஆறாத கோபம் இருந்தது. வயோமிங்குக்குப் புல்வெளி மான் வேட்டைக்குப் போனபோது அவளுடைய துப்பாக்கி லீலண்டின் பெட்டியில்தான் விமானத்தில் பயணம் செய்தது. நடுவில் ஒரே ஒரு பூட்டு. போய் இறங்கியபோது பெட்டியின் ஓரம் பிளந்திருந்தது, துப்பாக்கி மேலிருந்த தொலைநோக்கியில் ஒரு புதுக் கீறல். ஒரு தடவை சுட்டுச் சரிபார்க்கலாம் என்று அவள் சொன்னதற்கு, நேரமில்லை, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றான். மறுநாள் எண்பது கஜத்தில் அசையாமல் நின்ற மானை அவள் தவறவிட்டாள்.

அன்றிலிருந்து தேங்க்ஸ்கிவிங் பண்டிகை விருந்து ஒன்று பாக்கியில்லாமல் வான்கோழி மேஜைக்கு வந்தவுடனே அந்தக் கதையும் வந்துவிடும். வெர்னாவின் கை எப்படி நடுங்கியது, மான் அவளைத் திரும்பிப் பார்த்து எப்படிக் கொட்டாவி விட்டது என்று லீலண்ட் நடித்தே காட்டுவான். மூத்த அண்ணன் ஆரின்தான் எல்லாரையும் விட உரக்கச் சிரிப்பார். மான் கொட்டாவி விட்ட பகுதி ஐந்தாம் வருஷம்தான் கதையில் சேர்ந்தது. வெர்னாவும் சிரிப்பாள், சிரித்தபடியே எழுந்து தட்டு கழுவப் போய்விடுவாள்.

இந்த வருஷம் அந்த விருந்துக்கு இருவருமே இல்லை. பத்தொன்பது வருஷமாக ஒரே மனுவில் இரண்டு பேரும் எழுதிப் போட்டு, அரிசோனாவின் எல்க் மான் வேட்டை அனுமதிக் குலுக்கலில் ஒருவழியாகப் பெயர் விழுந்திருந்தது. வெள்ளிக்கிழமை தொடங்கி ஏழே நாள் வேட்டை. இன்னொரு தடவை பெயர் விழ இன்னும் பத்தொன்பது வருஷம் ஆனால் அவர்கள் வாக்கர் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும்.

மினியாபோலிஸ் விமான நிலையத்தில் கவுன்டரில் இருந்தவள் ஹோதன் என்ற சோமாலியப் பெண். தலைத்துண்டைச் சரிசெய்துகொண்டு, வெர்னாவின் பெட்டி மூலையில் இரண்டு விரலைக் கொடுத்து நெம்பினாள். அசையவில்லை. அடுத்து லீலண்டின் பெட்டியை நெம்பினாள். மூலை வாயைப் பிளந்தது. அவளுடைய கை மணிக்கட்டு வரைக்கும் உள்ளே போய்விட்டது.

"சார், இது போகாது."

"நாலு தடவை போயிருக்கு!"

"இருக்கலாம் சார். இன்னைக்கு என் கை உள்ள போகுது. நாலு துளைக்கும் பூட்டு வேணும், சாவியும் உங்ககிட்ட மட்டும்தான் இருக்கணும். இருபது நிமிஷத்துல கவுன்டரை மூடிடுவோம்."

லீலண்ட் கடைகள் பக்கம் ஓடினான். கழுத்துத் தலையணையும் சூயிங்கமும்தான் கிடைத்தன. கூட்டத்தை இடித்துக்கொண்டு திரும்பி வந்தபோது முகமெல்லாம் வியர்வை. பண்டிகைக் கூட்டம், அடுத்து இடம் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமைதான் என்றாள் ஹோதன்.

"ஏம்மா, என் பெட்டி ரெண்டு துப்பாக்கி கொள்ளும்," என்றாள் வெர்னா. "ரெண்டு பேரும் ஒரே டிக்கெட்தான்."

"அப்போ போகலாம் மேடம். ஆனா சாவி ஒருத்தர்கிட்டதான்."

லீலண்டின் முகம் மலர்ந்தது. வெர்னா கழுத்துச் சங்கிலியில் இருந்த சாவியை எடுத்தாள், ஆனால் பூட்டில் போடவில்லை.

"ஒண்ணு சொல்லு. எண்பது கஜத்துல நான் ஏன் தவறவிட்டேன்?"

"வெர்னா, இப்பவா?"

"பதினாலு நிமிஷம் இருக்கு. எனக்கு அவசரமே இல்ல."

வரிசையில் நின்றவர்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள். ஹோதன் கணினியைப் பார்ப்பதுபோல் பாவனை செய்தாள். லீலண்ட் தொப்பியைக் கழற்றினான், மறுபடி மாட்டினான்.

"தொலைநோக்கி அடிபட்டு விலகியிருந்துச்சு," என்று முணுமுணுத்தான். "என் பெட்டி பிளந்ததாலதான். போதுமா?"

"எனக்குப் போதும்," என்றாள். பன்னிரண்டு வருஷமாக நெஞ்சில் கிடந்த பாரம் ஒன்று இறங்கியதுபோல் இருந்தது. நாலு பூட்டையும் திறந்தாள். மறுபாதியில் அடைத்திருந்த கம்பளிச் சட்டைகளையும் மான் கறி சாசேஜ் பொட்டலங்களையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் லீலண்டின் துப்பாக்கியை வைத்தாள். எடுத்ததையெல்லாம் அவன் பெட்டியில் போட்டாள். "உன் பூட்டு சாசேஜுக்குக் காவல் இருக்கட்டும்."

ஹோதன் இரண்டு துப்பாக்கியும் குண்டில்லாமல் காலியாக இருப்பதைப் பார்த்து, அதை உறுதி சொல்லி வெர்னா கையெழுத்திட்ட அட்டையை உள்ளே வைத்தாள். நாலு பூட்டும் விழுந்தன. மறுபடி நெம்பிப் பார்த்தவள் இந்தத் தடவை சிரித்தேவிட்டாள்.

அரிசோனாவின் பீனிக்ஸில் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி வெர்னா தன் பெட்டியை வாங்கினாள். போட்ட பூட்டு போட்டபடி இருந்தது. லீலண்டின் பெட்டி சுழலும் சாமான் பட்டையில் மெதுவாக வந்தது. ஒரு மூலை பிளந்து, அதன் வழியே ஒரு சாசேஜ் பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற குழந்தை ஒன்று அதைக் காட்டிச் சிரித்தது.

வெர்னா தன் பெட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றினாள். லீலண்ட் பெட்டியைத் தூக்காமல் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றான். பெட்டி ஒரு சுற்றுப் போய்த் திரும்பி வந்தது. அவன் தன் போனை எடுத்தான். யாரும் சொல்லாமலே ஸ்பீக்கரில் போட்டான்.

"ஆரின்? நான்தான். அந்த வயோமிங் கதை இருக்குல்ல... வெர்னா கை நடுங்கவே இல்ல. தப்பு என் பூட்டுல. அன்னைக்கே எனக்குத் தெரியும்."

"இதைச் சொல்ல உனக்குப் பன்னண்டு வருஷமாடா?" என்றார் ஆரின். "பக்கத்துல இருக்காளா? போனை அவகிட்ட குடு. அத்தனை வருஷம் சிரிச்சவன் நான்தானே."

வெர்னா போனை வாங்கிக்கொண்டாள். இன்னொரு கையால் சங்கிலியைக் கழற்றி, சாவியை லீலண்டின் உள்ளங்கையில் வைத்தாள்.

"வண்டிக்குப் போனதும் நீயே திற," என்றாள்.