ஐந்தில் மூன்று

முதலாம் ஆண்டு ஆகஸ்டில், சிகிச்சை அறைக்கு வெளியே வரிசையில் நின்றபோது மூத்த ஆட்டக்காரன் ஒருவன் கென்ட்ரல் மேப்ரியின் காதருகே குனிந்தான்.

"உள்ள அஞ்சு வார்த்த சொல்லுவாங்க. கொஞ்ச நேரம் கழிச்சுத் திருப்பிக் கேப்பாங்க. அஞ்சையும் ஒப்பிச்சுடாத. மூணு போதும்."

"ஏன்?"

"நாளைக்கு எவனாவது உன் மண்டையில இடிச்சா இதே பரீட்சைதான் திரும்ப வைப்பாங்க. இன்னைக்கு எடுக்குற மார்க்க அன்னைக்கும் எடுத்தாத்தான் ஆட விடுவாங்க. இன்னைக்குக் கெட்டிக்காரனா இருந்தா அன்னைக்கு மாட்டிக்குவ."

கென்ட்ரலுக்கு அப்போது பதினெட்டு வயது. மூன்று சொற்களைச் சொன்னான். மற்ற இரண்டும் நாக்கு நுனியில் இருக்க, தாடையைச் சொறிந்துகொண்டு யோசிப்பதுபோல் நடித்தான். வெளியே வந்ததும் எல்லோரும் சிரித்தார்கள். ஆஷ்பி கல்லூரியில் யாரும் இதை ஏமாற்று என்று நினைத்ததில்லை. ஷூவுக்கு நாடா கட்டுவதுபோல் அதுவும் ஒரு தயாரிப்பு.

மூன்று வருடம் ஓடி, இது கடைசி ஆண்டு. அமெரிக்கக் கால்பந்தில் ரிசீவரின் வேலை, தனக்குச் சொன்ன பாதையில் பிசகாமல் ஓடி, வரும் பந்தைக் கையில் வாங்குவது. கென்ட்ரல் இந்த வருடம் மட்டும் அறுபத்தொரு பந்துகளை வாங்கியிருந்தான். நவம்பர் இரண்டாம் சனிக்கிழமை, மைதானத்தின் நடுவில் எம்பிப் பிடித்தபோது எதிரணிக்காரனின் தோள் அவன் ஹெல்மெட்டின் பக்கவாட்டில் மோதியது. விழுந்தான். பந்து கையைவிட்டு நழுவவில்லை. கூட்டம் எழுந்து கத்தியது. அவனும் எழுந்து நேராக எதிரணியின் பெஞ்சை நோக்கி நடந்தான். மாற்று ரிசீவர் ஜாரஸ் ஓடிவந்து அவன் தோளைப் பிடித்துத் திருப்பினான்.

அணியின் காயங்களைப் பார்த்துக்கொள்ளும் வனெட்டா பெல் எதிரே வந்தார். ஹெல்மெட்டை வாங்கித் தன் தகரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். தலையில் அடிபட்டவனிடம் அவர் வாதம் செய்வதில்லை. ஹெல்மெட் இல்லாதவன் திருட்டுத்தனமாகக் களத்தில் இறங்க முடியாது, அவ்வளவுதான்.

புதன்கிழமை பரீட்சை. தேறினால் சனிக்கிழமை ஆடலாம். அது சொந்த மைதானத்தில் அவனுடைய கடைசி ஆட்டம். அவனைப் பார்ப்பதற்காகவே தொழில்முறை அணிகளிலிருந்து மூன்று பேர் வருவதாக இருந்தார்கள். இந்தக் கல்லூரியிலிருந்து ஒருவன் அந்த அணிகளுக்குப் போய் ஒன்பது வருடம் ஆகிறது.

"குதிரை, மெழுகு, பாலம், எலுமிச்சை, சட்டை," என்று வாசித்தார் வனெட்டா. பிறகு எண்களைத் தலைகீழாகச் சொல்ல வைத்தார். மாதங்களை டிசம்பரிலிருந்து பின்னோக்கிச் சொல்ல வைத்தார். இந்த முறை நடிப்பதில்லை, ஐந்தையும் சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் கென்ட்ரல் வந்திருந்தான்.

"இப்ப அந்த வார்த்தைங்களச் சொல்லு ராசா."

"குதிரை. பாலம்." சற்றுப் பொறுத்து, "சட்டை."

மற்ற இரண்டும் இருந்த இடம் தெரிந்தது, பல் பிடுங்கிய குழிபோல. அவன் தாடையைச் சொறிந்தான்.

வனெட்டா பழைய தாளை எடுத்துப் பார்த்தார். "முதல் வருஷமும் மூணு, இப்பவும் மூணு. அப்படியே இருக்க." அவருக்கு அவனைப் பிடிக்கும், முகம் மலர்ந்துவிட்டது. பெட்டியைத் திறந்து ஹெல்மெட்டைக் கொடுத்தார். டாக்டர் அந்தத் தாளைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் ஜாரஸ் தட்டோடு எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"பாஸாயிட்டியாமே? நாசமாப் போச்சு. சனிக்கிழமை நான்தான் எறங்குறேன்னு எங்கம்மா ஊரையே கூட்டி வச்சிருக்கு."

"ஒரு அஞ்சு வார்த்த சொல்லுடா."

"எதுக்கு?"

"சொல்லேன்."

"பன்னி, வாளி, கோச்சோட தொப்பை, தக்காளி, ஏணி."

கோழி வறுவலைத் தின்று முடித்துத் தட்டைத் தள்ளிய பிறகு கென்ட்ரல் சொன்னான்: "பன்னி. கோச்சோட தொப்பை. ஏணி."

ஜாரஸ் சிரித்தான். "இங்கயும் நடிக்கிறியா? மார்க் போட இங்க எவன்டா இருக்கான்?"

கென்ட்ரல் சிரிக்கவில்லை. ஜாரஸின் சிரிப்பு மெல்ல நின்றது.

"டேய். நெஜமாவா?"

"ம்."

"போய்ச் சொல்லிடு. நான் சொன்னா, உன் எடத்துக்கு ஆசப்பட்டுச் சொன்னேன்னுதான் பேசுவானுங்க. நீதான் சொல்லணும்."

"சொன்னா ஹெல்மெட் போயிரும்."

ஜாரஸ் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான். வியாழனும் வெள்ளியும் கென்ட்ரல் யாரிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமை, ஆட்டத்துக்கு முன், கடைசி ஆண்டு மாணவர்கள் பெற்றோரின் கையைப் பிடித்து மைதானத்தின் நடுவுக்கு நடக்கும் சடங்கு. கென்ட்ரலின் அம்மா எர்லின் கெளுத்தி மீன் ஆலையில் ஒருநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, மஞ்சள் தொப்பி வைத்துக்கொண்டு வந்திருந்தாள். ஒலிபெருக்கியில் அவன் ஆகஸ்டில் எழுதிக் கொடுத்த அட்டையை வாசித்தார்கள்: "மறக்க முடியாத தருணம், இரண்டாம் ஆண்டில் கொட்டும் மழையில், கடைசி நொடியில் பிடித்த பந்து."

"அன்னைக்கு நனைஞ்சதுல எனக்கு ஒரு வாரம் காய்ச்சல்," என்றாள் எர்லின். "பந்தோட நேரா வேலிக்கு வந்து எங்கிட்டதான குடுத்த? ஞாபகம் இருக்கா?"

"இருக்கும்மா."

இல்லை. தேடிப் பார்த்தான். மழை இல்லை, வேலி இல்லை. அட்டையை எழுதியவனுக்கு ஆகஸ்டில் அது இருந்திருக்கிறது.

அம்மாவை வேலிவரை கொண்டுபோய் விட்டான். மேலே, கண்ணாடி அறையில், அந்த மூன்று பேரும் நோட்டுப் புத்தகங்களோடு உட்கார்ந்திருந்தார்கள். அவன் வனெட்டாவிடம் போனான். அவர் யாருக்கோ கணுக்காலில் பட்டை சுற்றிக்கொண்டிருந்தார்.

"மிஸ் பெல், மொத வருஷம் நான் வேணும்னேதான் ரெண்டு வார்த்தைய விட்டேன்."

அவர் தலை நிமிரவில்லை. "தெரியும். எல்லாப் பயலும்தான் விடுறீங்க. இப்ப வந்து பாவமன்னிப்புக் கேக்குறியாக்கும்?"

"புதன்கிழமை நான் வேணும்னு விடல."

பட்டை சுற்றிய கை நின்றது. அவர் எழுந்து அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். கென்ட்ரல் உடனே கொடுக்கவில்லை. ஹெல்மெட்டின் உள் பஞ்சை ஒருமுறை விரலால் தடவிவிட்டுக் கொடுத்தான். தகரப் பெட்டி மூடிக்கொண்டது.

முதல் பந்தே ஜாரஸுக்கு நீளமாக வந்தது. பிடித்துவிட்டான். கூட்டம் எழுந்தது. அந்தத் தூரத்தில் முதுகெண் தெரியாத எர்லின், மகன்தான் என்று, மஞ்சள் தொப்பியைக் கழற்றி வீசிக் கத்தினாள். கண்ணாடி அறையில் ஒருவர் எதையோ எழுதினார்.

கென்ட்ரல் வெறும் தலையோடு கோட்டோரம் நின்று விரல்களை மடக்கினான். குதிரை. பாலம். சட்டை. மற்ற இரண்டும் வனெட்டாவின் தாளில் இருக்கின்றன, கேட்டால் சொல்வார். அவன் கேட்கவில்லை.