தப்பில்லாமல் அடிப்பவர்

வட்டவளை டவுனில் கோபிசங்கர் தன் கம்ப்யூட்டர் கடைக்கு ‘சர்வதேச டிஜிட்டல் இசைக் கல்லூரி’ என்று போர்டு மாட்டியது 2009இல். கல்லூரியில் இருந்தவை ஒரு டிவி, ஒரு கேம் பெட்டி, நான்கு ரப்பர் தட்டுகள், இரண்டு குச்சிகள். திரையில் நிறப் பொட்டுகள் விழும். விழுகிற நொடியில் அந்த நிறத் தட்டில் அடிக்க வேண்டும். பிசகினால் பெட்டி ‘ஙே’ என்று கத்தும். நூற்றுக்குத் தொண்ணூறு எடுத்தவர்களுக்குக் கோபிசங்கர் ‘தாள வித்தகர்’ சான்றிதழ் அச்சடித்துக் கொடுத்தான். தனக்கும் ஒன்று கொடுத்துக்கொண்டான். அவன் எடுத்தது நாற்பத்தொன்று.

தேயிலை ஸ்டோரில் தூள் சலிக்கும் வேலை பார்த்த பிரியந்தி தொண்ணூற்றெட்டு எடுத்தாள். அவளுக்கு வேண்டியிருந்தது சான்றிதழ் அல்ல. தோட்டத்து அம்மன் கோயிலில் தப்பு மேளம் அடிக்கும் குழுவில் ஓர் இடம். ஐந்து பேரில் ஒருவர் கொழும்புக்குப் போனதில் அந்த இடம் காலியாக இருந்தது. ஆனால் பெண் யாரும் அங்கே தப்பு அடித்ததில்லை. பழகிப் பார்க்கக் கேட்டபோதும் யாரும் தொட விடவில்லை.

தேர்வு நடத்த, பாடசாலையில் சங்கீதம் படிப்பிக்கும் பாலச்சந்திரன் மாஸ்டரைக் கோயில் கமிட்டி பிடித்தது. யாழ்ப்பாணத்துக்காரர். மிருதங்கத்தில் டிப்ளோமா. டிப்ளோமா கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரில் இருந்தது. மிருதங்கம் கட்டிலுக்குக் கீழே இருந்தது. ஊர்ப் பேச்சில் எழுதுவதாக நினைத்து அவர் அறிவித்தல் எழுதினார்: ‘தப்பில்லாமல் அடிப்பவருக்கே இடம்.’

தப்புக் குழுத் தலைவர் செல்லசாமி அதைப் படித்துவிட்டு, “தப்பில்லாம எதைங்க சேர் அடிக்கிறது? தகரத்தையா?” என்றார்.

தான் சொன்னது பிழையை என்று மாஸ்டர் விளக்கினார். அதற்குள் தோட்டம் முழுக்க ஒட்டியாயிற்று.

விண்ணப்பித்தது பிரியந்தி ஒருத்திதான். ஆனாலும் போட்டி கடுமையாக இருக்கும் என்று கமிட்டித் தலைவர் தேர்வு நடந்த ஞாயிறு பின்னேரம் கோயில் வாசலில் மைக்கில் சொன்னார். கோபிசங்கர் அவளுடைய சான்றிதழை வாசித்தான். மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“உது விளையாட்டுச் சாமான், பிள்ளை. உதிலை எங்கை நாதம் இருக்கு?”

“இத்தனை நாளும் தப்பில்லாமத்தாங்க சேர் அடிச்சேன். இன்னைக்குத் தப்போட அடிக்க வந்திருக்கேன்.”

சிரிக்கலாமா என்று கமிட்டி யோசித்துக்கொண்டிருக்க, செல்லசாமி சிரித்துவிட்டார்.

கொழும்புக்குப் போனவருடைய தப்பை அவளிடம் கொடுத்தார்கள். முதல் அடி ‘தொத்’ என்று விழுந்தது. பனிமூட்டத்தில் தோல் ஊறிப்போயிருந்தது. ரப்பர் ஒருநாளும் ஊறியதில்லை. மாஸ்டர் கமிட்டியைப் பார்த்தார். கோபிசங்கர் சத்தம் கூட்டும் பித்தானைத் தேடுகிறவன்போல் தப்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். மற்ற நாலு தப்பும் நெருப்போரம் சாய்ந்திருப்பதைப் பிரியந்தி கண்டாள். போய்த் தன்னுடையதையும் அனலில் காட்டினாள். விரலால் சுண்டி, கணீர் என்று கேட்டபிறகே திரும்பி வந்தாள்.

அடுத்த வம்பு குச்சிகளால் வந்தது. கடையில் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும்; இங்கே வலது கைக்குக் குட்டையான தடித்த கட்டை, இடது கைக்கு மெல்லிய நீளக் குச்சி. அது இரண்டு முறை வழுக்கியது. கூட அடித்த மற்ற நாலு பேரும் அவளை விரட்டிவிடலாம் என்று வேகத்தைக் கூட்டினார்கள். கூட்டியிருக்கக் கூடாது. ஆறு மாதமாக இரக்கமில்லாமல் விழுந்த பொட்டுகளிடம் அவள் கற்றது வேகத்தைத்தான். குச்சிப் பிடியை மாற்றிக்கொண்டு அவர்கள் வேகத்தோடு ஒட்டிக்கொண்டாள். நாலு பேரில் ஒருவருக்கு மூச்சு வாங்கியது.

ஒவ்வொரு சுற்று முடிவிலும் ஒரு மூச்சளவு இடைவெளி வந்தது. பெட்டியில் என்றால் வெற்றிடத்தில் அடிப்பது குற்றம். மூன்று சுற்று அவள் அடக்கிக்கொண்டு நின்றாள். நான்காவதில் நீளக் குச்சியால் இரண்டு சின்ன அடி வைத்தாள். எதுவும் ‘ஙே’ என்று கத்தவில்லை. அடுத்த சுற்றில் ஐந்து வைத்தாள். செல்லசாமி திரும்பிப் பார்த்தார். அவருடைய கால் தானாக ஆட ஆரம்பித்தது. பெண்கள் பக்கத்திலிருந்து குலவை கிளம்பியது.

மாஸ்டர் தேர்வுத் தாளில் புள்ளி போடவில்லை. அவருடைய பேனா மேசையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

இவள் தன் கல்லூரி மாணவி என்று கோபிசங்கர் மைக்கில் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. முடிவு அறிவிக்கக் கமிட்டித் தலைவர் எழுந்தபோது செல்லசாமி குழுவைத் திருப்பிக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

“நிக்காத புள்ள, லயத்துப் பக்கம் போவோம். வராதவங்களுக்கும் கேக்கட்டும்.”

ஐந்து தப்பும் இறக்கத்தில் இறங்கின. லயங்களில் வீட்டுக் கதவுகள் வரிசையாகத் திறந்தன.