புது இதழ் மணி

பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டும் பாலசுந்தரத்தின் நுரையீரலைப் பஞ்சுத் தூசி தின்றே விட்டது. மகள் ஷாலினி கல்லூரி நூலகச் செயலியில் நுரையீரல் ஆய்விதழ் ஒன்றைப் பின்தொடர்ந்தாள். புது இதழ் வந்தால் கைப்பேசி மணியடிக்கும். காய்ச்சலுக்குக்கூட நிறுத்தாத தறியை அந்த மணிக்கு நிறுத்திவிட்டு மூச்சிரைக்க வருவார்.

“மருந்து போட்டிருக்குதா சாமி?”

அன்று வந்த இதழில் அவர் நோயைப் பற்றியே கட்டுரை. பெரிய பட்டம் வாங்கியவர்கள் பக்கம் பக்கமாக எழுதிச் சொன்னது இவ்வளவுதான்: கெட்ட நுரையீரல் இனித் தேறாது.

“இதுலயும் ஒண்ணுமில்லீங்கப்பா” என்றாள். அவர் போனதும் இதழைப் பின்தொடர்வதை நிறுத்தினாள்.

மறுமாதம் மணி அடிக்கவில்லை. அவராகவே தறியை நிறுத்திவிட்டு வந்தார்.

“சத்தத்தக் கூட்டி வெய்யி சாமி. தறி எரைச்சல்ல எனக்குக் கேக்காமப் போயிருக்கும்.”