எடுத்துக்காட்டாக, என் அக்கா

1
இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. அகராதி அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரி சொன்னது. மூன்று முறை தொடங்கிப் பார்த்தேன். 'அன்று காலை அவள் கையிலிருந்து' — வேண்டாம். பொருள் நழுவியது அவள் கையிலிருந்து அல்ல, அவளுடைய அக்காவின் கையிலிருந்து.

2
ஆங்கில–தமிழ் அகராதியில் அவள் 'கிளம்ஸி' என்ற சொல்லுக்கு வந்திருந்தாள். 'கைநிதானம் இல்லாத, தடுமாற்றமான' என்று பொருள் எழுதினாள். எடுத்துக்காட்டுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை: 'என் அக்கா கிளம்ஸி, தொட்டதையெல்லாம் உடைப்பாள்.'

(அக்கா பரிசோதனைக்கூடத்தில் கண்ணாடிக் குழாய் கழுவியவள். உடைத்து உடைத்தே போன மாதம் வேலை போயிற்று. வீட்டில் இரண்டு வருஷமாக அவள் பெயரே கிளம்ஸிதான். வைத்தவள் தங்கை.)

3
அச்சுப்படி திரும்பி வந்தது. அதில் இப்படி இருந்தது: 'என் அக்காவுக்குக் கை மரத்துப்போயிருக்கிறது.'

யார் செய்த குறும்பு என்று எழுத்துக் கோக்கிறவரிடம் போய்ச் சண்டை போட்டாள். வந்ததைத்தான் கோத்தேன் என்று அவர் அவள் அனுப்பிய கணினிக் கோப்பையே திறந்து காட்டினார். அதிலும் அப்படித்தான் இருந்தது. அடித்துவிட்டுப் பழையபடி எழுதிக் கொடுத்தாள். மறுநாள் வந்த படியில்: 'இரண்டு கையும்.'

சொற்பிறப்பு அகராதியைப் புரட்டினாள். கிளம்ஸியின் வேர்ச்சொல்லுக்குப் பொருள், குளிரில் விறைத்து மரத்துப்போவது.

(இந்த வேர்ச்சொல் கற்பனையில்லை. நானும் பார்த்தேன்.)

4
மதியமே அக்கா வீட்டுக்கு ஓடினாள். அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயிலிருந்து ஆவி பறந்தது. கைகள் முழங்கைவரை சிவந்து, விரல் நுனிகளில் தோல் உரிந்திருந்தது.

"அக்கா, தண்ணி கொதிக்குது."

"அப்படியா?" என்றாள் அக்கா, கையை எடுக்காமல்.

தங்கைதான் குழாயை மூடினாள். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டாள்.

"நீ பேர் வைக்கிறதுக்கு முன்னாடியே. சொன்னேனே. எல்லாரும் சிரிச்சீங்க."

5
நரம்பு மருத்துவர் வலது கைக்கு உத்தரவாதம் கொடுத்தார். இடது கையைப் பற்றி இன்னும் வாய் திறக்கவில்லை.

அது குணமானதாக ஒரு முடிவு எழுதினேன். நல்ல முடிவுதான். மேசைக்காரி படித்துவிட்டு, "இதை அச்சுக்கு அனுப்பாதீங்க" என்றாள். படி திரும்பி வரும்போது அதில் என்ன இருக்குமோ என்று அவளுக்குப் பயம். அந்த வாக்கியத்தை அடித்துவிட்டேன். முடிவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், மனத்துக்குள். எழுத மட்டும் வேண்டாம்.