மரச்சீனியும் குடையும்

1

இந்தக் கதை என் தலையில் இருந்த எண்ணெயில் தொடங்கியது. அலங்காரத்துக்குச் சொல்லவில்லை, அசல் தேங்காய் எண்ணெய்தான். பல்கலைக்கழகத்தில் மூளையை ஆராயும் ஒரு பெண்ணுக்கு, தமிழும் மலையாளமும் கலந்து பேசுகிற எல்லைக்காரர்கள் தேவைப்படுகிறார்கள் என்று பாறசாலையில் ஒரு நண்பர் சொன்னார். எனக்கு இருக்கும் ஒரே தகுதி அதுதான். இஸ்திரி போட்ட சட்டை அணிந்து, தலையில் எண்ணெய் வழிய வைத்து அழுத்தி வாரி, கல்யாண வீட்டுக்குப் போகிறவனைப் போலப் போய் நின்றேன். அஸ்வதி என்ற அந்தப் பெண் என் தலையைப் பார்த்ததும் ஒரு ஷாம்பு பாக்கெட்டை நீட்டி, குழாய் இருக்கும் திசையைக் காட்டினாள்.

"எல்லாரும் இப்படித்தான் ஸார் வாறாங்க. மரியாதைக்கு எண்ணெ தேச்சிட்டு வாறாங்க. எனக்க ஆராய்ச்சிக்கு மொதல் எதிரி வெளிச்செண்ணயாக்கும்."

மூளையின் மின்சாரம் அத்தனை மெல்லியது. தோலுக்கும் கம்பிக்கும் நடுவில் எண்ணெய் நின்றால் ஒன்றும் வந்து சேராது. ஈரத்தலையோடு, கம்பிகள் தொங்கும் தொப்பியை மாட்டி உட்கார்ந்திருந்தபோது அவள் சொன்னதுதான் இந்தக் கதை. எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். பெயரை மாற்றினால் எழுதலாம் என்றாள். மாற்றிவிட்டேன்.

2

எங்கே தொடங்குவது என்று தடுமாறியதையும் மறைக்கப்போவதில்லை.

நெய்யாறு கடலில் கலக்கும் பூவாரில் அந்தி வெயில் பொன்னாக

(வேண்டாம். ரிசார்ட்காரர்கள் இதைவிட நன்றாக எழுதுகிறார்கள்.)

மனித மூளை என்பது கோடானுகோடி நரம்பணுக்களால்

(பாடப்புத்தகம். எழுதும்போதே கொட்டாவி வந்தது.)

அஸ்வதி மூளையைப் படிக்கப் போகிறாள் என்றதும் குளத்தூரில் ஆளாளுக்குத் தலைவலிக்கு மாத்திரை கேட்க

இது பரவாயில்லை, இதிலேயே போகலாம். குளத்தூர்க்காரி அஸ்வதி டாக்டர் இல்லை. மொழியியலில் முதுகலை முடித்தவள். அவள் சேர்ந்த ஆராய்ச்சிப் படிப்பில் எந்தத் துறைக்காரரும் சேரலாம். இயற்பியல் படித்தவர், மருத்துவம் படித்தவர், உளவியல் படித்தவர் என்று எல்லாரையும் ஒரே வகுப்பில் உட்கார்த்தி மூளையைக் காட்டினார்கள். ஒருவர் பேசுவது மற்றவருக்கு விளங்கவே சில மாதங்கள் ஆயின. வெள்ளறடையிலிருந்து வந்த சஜன் மின்னணுப் பொறியாளன். அவன் அஸ்வதிக்குக் கம்பி பற்றவைக்கச் சொல்லிக்கொடுத்தான். பதிலுக்கு அவள் அவனுக்கு இலக்கணம் சொல்லிக்கொடுத்தாள். "நம்ம பேச்சுல வினை ஏன் கடைசியில வருது? கேக்கிறவன் அதுவரை என்ன செய்யுவான்?" என்று அவன் ஒருநாள் கேட்டான். இலக்கணம் படித்தவள் ஒருநாளும் கேட்டுக்கொள்ளாத கேள்வி அது. அன்று முதல் அவளுடைய ஆராய்ச்சியே அதுவாகிவிட்டது: கேட்கிறவன் அதுவரை என்ன செய்கிறான்?

3

இந்த இடத்தில் உங்கள்மேலேயே ஒரு சோதனை. வலிக்காது. எண்ணெய் இருந்தாலும் பாதகமில்லை.

நல்ல பசி. தட்டில் ஆவி பறக்க அவித்த மரச்சீனிக்கிழங்கு, உங்கள் ஊர் மரவள்ளி. தொட்டுக்கொள்ள, மிளகாய் அரைத்து வைத்த குடை.

'குடை' என்பதைக் கண் தொட்டதும் உங்கள் தலைக்குள் ஒன்று நடந்தது. சிரிக்கும் முன்பே, அச்சுப்பிழையோ என்று சந்தேகப்படும் முன்பே, அரை நொடிக்குள், மூளையின் மின்சாரக் கோட்டில் ஒரு சின்னப் பள்ளம் விழுந்தது.* மீனுக்கு இலை போட்டு வைத்திருந்த இடத்தில் குடை வந்து உட்கார்ந்ததால் விழுந்த பள்ளம். அப்படியென்றால், நான் எழுதும் முன்பே மீன் உங்களுக்குள் வந்திருந்தது.

இதைக் கேட்டு நான் ஆடிப்போனேன். என் அடுத்த சொல்லுக்காக வாசகர் காத்திருக்கிறார் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். அவரோ எனக்கு முன்னாலேயே போய் அந்தச் சொல்லில் உட்கார்ந்திருக்கிறார். ஒவ்வொரு வாக்கியத்திலும், ஒவ்வொருவரும், ஒரு கஷ்டமும் இல்லாமல் இதைச் செய்கிறார்கள். மீன் விற்கிறவர் செய்கிறார், பால் குடிமறந்த குழந்தை செய்கிறது. இதைவிட அதிசயம் ஒன்று உண்டா, சொல்லுங்கள்.

(* சில ஆய்வுக்கூடங்களில் படத்தைத் தலைகீழாக வரைவார்கள். அங்கே இதுவே மேடு. பள்ளமா மேடா என்று அஸ்வதியும் சஜனும் சோறு ஆறும்வரை சண்டை போட்டிருக்கிறார்கள். இன்னொன்று: ஒரு வாக்கியத்தின் பள்ளம் மற்ற இரைச்சலில் மூழ்கிவிடும். பல வாக்கியங்களைச் சொல்லி, எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுத்தால்தான் கண்ணுக்குத் தெரியும். இதை நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.)

4

சுயம்பு, அஸ்வதியின் அம்மாவுக்குத் தம்பி. பூவாரில் சுற்றுலாப் படகு ஓட்டியவர். படகைக் கட்டும்போது வழுக்கி விழுந்து பின்மண்டையில் அடிபட்டது. அதன்பின் கட்டிலில்தான் இருக்கிறார். தூங்குவார், விழிப்பார், கண் திறந்தே இருக்கும். ஆனால் கையைத் தூக்கு என்றால் தூக்கமாட்டார். கூப்பிட்டால் திரும்பமாட்டார்.

அவர் மனைவி ஸ்ரீகுமாரி அவரோடு ஓயாமல் பேசிக்கொண்டிருப்பார். யார் படகுக்குப் புதுப் பெயிண்ட் அடித்தார்கள், டீசல் என்ன விலை, பக்கத்து வீட்டுக் கோழி எங்கே முட்டையிட்டது, எல்லாம். 'சுவரோடு பேசுகிறாள்' என்று சொந்தக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு முகத்துக்கு நேரேயே சொன்னார்கள். ஸ்ரீகுமாரி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்றுதான் அஸ்வதி நினைத்திருந்தாள், ஒருநாள் அடுக்களையில் அவர் குரலைத் தாழ்த்திக் கேட்கும்வரை.

"மக்கா, நீ மூளையல்லியா படிக்குத? நான் பறயுதது அவியளுக்குக் கேக்குதான்னு ஒனக்க மெஷின் சொல்லுமா?"

 மெஷின் சொல்லக்கூடும். கை அசையாவிட்டாலும், தவறான சொல்லுக்குப் பள்ளம் விழுந்தால் சரியான சொல் அவருக்குத் தெரிந்திருக்கிறது என்று அர்த்தம். உள்ளே ஆள் இருக்கிறார் என்று அர்த்தம்.

அவளுடைய வழிகாட்டியான டாக்டர் ஷைலஜா, ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதியெல்லாம் வாங்கித் தந்துவிட்டு, மலையாளத்தில் ஒன்று சொன்னார். என் தமிழில் அது இது: "பள்ளம் தெரிந்தால் சொல். தெரியாவிட்டால், அவருக்குக் கேட்கவில்லை என்று மட்டும் சொல்லிவிடாதே. நன்றாக இருக்கிறவர்களிடத்திலும் சில சமயம் தெரியாமல் போகும். ஒரு கோடு இல்லை என்பதற்காக ஒரு மனிதரை இல்லையென்று சொல்ல நமக்கு உரிமை இல்லை."

5

கருவியைத் தூக்கிக்கொண்டு அஸ்வதியும் சஜனும் பூவார் வீட்டுக்குப் போனார்கள். என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சுயம்பு குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, தலையில் எண்ணெய் பளபளக்கக் கிடந்தார்.

"ஆளுக வரும்போ வறண்ட தலையோடயா கெடத்துதது?" என்றார் ஸ்ரீகுமாரி.

சஜன் திரையைப் பார்த்து முணுமுணுத்தான். "எடீ, இதுல மூளை இல்ல. வெளிச்செண்ண மட்டுந்தான் உண்டு."

அஸ்வதி அவன் காலை மிதித்தாள். வெந்நீர் வைத்து, ஷாம்பு போட்டு, சளி பிடிக்கும் என்ற புலம்பலுக்கு நடுவே தலையைக் கழுவி முடித்தார்கள். பிறகு ஆய்வுக்கூடத்தில் பதிவு செய்த வாக்கியங்களைப் போட்டார்கள். செய்தி வாசிக்கிறவர்போல ஒரு குரல் சுத்தமான மொழியில் சொல்லிக்கொண்டே போனது. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தபோது கோடு காற்றில்லாத நாளின் காயல்போலக் கிடந்தது.  அப்போதுதான் அஸ்வதிக்குப் படித்த படிப்பு உதவிக்கு வந்தது. இந்த வீட்டில் யார் இப்படிப் பேசுகிறார்கள்? வோட்டுக் கேட்டு வருகிறவன்கூட இப்படிப் பேசமாட்டான். வாக்கியங்களை மாமியே சொல்லட்டும், அவர் பேசுகிற பேச்சிலேயே.

6

இந்தப் பகுதியைத்தான் நான் நம்ப மறுத்தேன்.

சில வாக்கியம் சரியாக முடிய வேண்டும், சில தப்பாக முடிய வேண்டும் என்று அஸ்வதி விளக்கினாள். ஸ்ரீகுமாரி கேட்டுக்கொண்டு முடியாது என்றுவிட்டார்.

"மரச்சீனிக்குக் குடையா? அவியளுக்குக் கேக்குமெங்கில், எனக்குப் பிராந்து பிடிச்சிட்டுன்னுல்லா நெனப்பாவ?"

 கேட்குமா என்று கண்டுபிடிக்க ஒரு பல்கலைக்கழகமே கருவியோடு வந்து நிற்கிறது. இவரோ, கேட்டால் கணவர் தன்னைப் பைத்தியம் என்று நினைப்பாரே என்று வெட்கப்படுகிறார்! இத்தனை அழகாக ஒரு பாத்திரம் பேசினால் எழுதுகிறவனுக்குச் சந்தேகம் வரத்தானே செய்யும். நீ சேர்த்துச் சொல்கிறாயா என்று அஸ்வதியிடமே கேட்டுவிட்டேன். "ஸார், இல்லாததைச் சேக்குதது ஒங்க வேலையாக்கும். நான் சேத்தா என்னை வெளிய தள்ளிருவாங்க" என்றாள்.

அன்று அவள் மாமியிடம் சொன்னது இதுதான்: "ஒரு நாள் பிராந்தியா இருங்க மாமி. மாமனுக்குக் கேட்டிருந்தா, பொறவு நானே வந்து காரியத்தைப் பறஞ்சு மன்னிப்புக் கேக்குதேன்."

ஸ்ரீகுமாரி கணவரின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "வள்ளத்துக்கு டீசல் ஊத்தியாச்சு." சரி. "சாயாவுல பஞ்சார போட்டாச்சு." சரி. "மரச்சீனிக்குத் தொட்டுக்கூட்ட வச்சிருக்கது குடை." சொல்லிவிட்டு அவரால் சும்மா இருக்க முடியவில்லை. குனிந்து, "சும்மா பறஞ்சதாக்கும், கேட்டியளா. மீனுதான் வச்சிருக்கேன்" என்றார்.

ஒவ்வொரு தப்பான வாக்கியத்துக்கும் பின்னால் இப்படி ஒரு சமாதானம். கூடுதல் பேச்சு பதிவைக் கெடுக்கும் என்று சஜன் இரண்டு கையையும் ஆட்டினான். அஸ்வதி அவன் மணிக்கட்டைப் பிடித்து அமுக்கினாள். வெட்டி எடுத்துக்கொள்ளலாம், அவர் சொல்லட்டும் என்று காதில் சொன்னாள். அவளுக்குக் கண் நிறைந்திருந்தது.

7

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

பள்ளம் விழுகிறது. எல்லாரும் அழுகிறார்கள். ஸ்ரீகுமாரி, 'எனக்கு முன்னமே தெரியும்' என்கிறார். (கைதட்டல் வாங்கும். எனக்குக் கூச்சமாக இருக்கிறது.)

பள்ளம் இல்லை. ஷைலஜா சொன்னதை அஸ்வதி மாமியிடம் சொல்ல, மாமி தலையாட்டிவிட்டு மறுபடியும் கணவரிடம் கோழியைப் பற்றிப் பேச

(இதை எழுதிவிட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை.)

குடைக்குப் பள்ளம் இல்லை, சமாதானத்துக்குத்தான் பள்ளம்! கல்யாணமான நாளிலிருந்து ஸ்ரீகுமாரி சொன்ன சொல்லை மாற்றியதே கிடையாது. இப்போது மாற்றுவதைக் கேட்டுத்தான் மனிதருக்கு அதிர்ச்சி. (இது எனக்கு ரொம்பப் பிடித்தது. முழுக்க என் கற்பனை. அஸ்வதி படித்தால் அடிக்க வருவாள்.)

8

சமாதானங்களை வெட்டி எடுத்து, மிச்சத்தைக் கூட்டி, சஜன் விசையைத் தட்டினான். கோடு இடப்பக்கத்திலிருந்து ஊர்ந்து வந்தது. அஸ்வதி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

அவள் என்ன பார்த்தாள் என்று எனக்குத் தெரியும். கேட்டேன், சொன்னாள். உங்களுக்குச் சொல்லமாட்டேன். அந்தக் கோட்டைப் பற்றி முதலில் கேட்க வேண்டியவர் பூவாரில் இருக்கிறார். தவிர, உங்கள் தலை இதற்குள் ஒரு சொல்லில் போய் உட்கார்ந்திருக்கும். அது எனக்கு முன்னாலேயே போய்விட்டது, இனி நான் எழுதி என்ன?

அந்த வாரமே அஸ்வதி தனியாகப் பூவாருக்குப் போனாள். ஸ்ரீகுமாரி கணவரின் தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார், அன்று கழுவிப்போன எண்ணெய்க்கும் சேர்த்து. அவளைக் கண்டதும் கை நின்றது.

"மக்கா?" என்றார். 

அஸ்வதி மாமிக்குப் பதில் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, கட்டிலோரத்தில் உட்கார்ந்து, எண்ணெய் வழியும் அந்த முகத்துக்கு நேரே குனிந்தாள்.

"மாமா, அண்ணைக்கு மாமி மீனுக்குப் பதிலா குடைன்னு பறஞ்சாவல்லியா, அது